நர்சிங் ஹோமில் மறதி நோயாளிக்கு ஏற்ற பராமரிப்பைக் கேட்டு வாங்குவது எப்படி: படிப்படியாக

"நல்லா பாத்துக்குங்க மிசி" என்று சொல்லிவிட்டு வருவதுதான் நம்மில் முக்கால்வாசிப் பேர் செய்வது. மிசியும் (நர்ஸ்) தலையாட்டுவார். அவர் பொய் சொல்லவில்லை. குளிப்பாட்டியாயிற்று, சாப்பாடு கொடுத்தாயிற்று, பேம்பர்ஸ் மாற்றியாயிற்று, அவர் கணக்கில் நல்லா பார்ப்பது அதுதான். மறதி நோய் (டிமென்ஷியா) உள்ளவருக்கு அது போதாது என்பது நமக்குத் தெரியும், ஆனால் வேறு என்ன வேண்டும் என்று கேட்டால் நமக்கே சொல்ல வராது.

அப்பா நாலு வருஷம் கோலாலம்பூரில் ஈப்போ சாலைப் பக்கம் ஓர் இல்லத்தில் இருந்தார். அதற்கப்புறம் பினாங்கிலும் இங்கேயும் சொந்தக்காரர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று சில குடும்பங்களுக்குக் கூடவே போய்ப் பேசியிருக்கிறேன். எல்லாரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்: கடைசியில் செய்ய வேண்டிய புகாரை முதலில் செய்துவிடுகிறார்கள். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்து பாருங்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு கோப்பு, ஒரு நோட்டுப் புத்தகம். கோப்பில் அடையாளக் கார்டு நகல், ஆஸ்பத்திரி அப்பாய்ண்ட்மெண்ட் புத்தகம், இப்போது சாப்பிடும் மருந்துகளின் பட்டியல், இல்லத்தோடு போட்ட ஒப்பந்தம். ஒப்பந்தம் கையில் இல்லையென்றால் நகல் கேளுங்கள். மாதக் கட்டணத்தில் எது அடக்கம், எது தனி என்பது அதில்தான் இருக்கும். பேம்பர்ஸ், பால் மாவு, ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு ஆள் அனுப்புவது எல்லாம் பல இடங்களில் தனிக்கணக்கு. இது தெரியாமல் பேசப் போனால் நீங்கள் கேட்கும் ஒவ்வொன்றுக்கும் "அதுக்கு எக்ஸ்ட்ரா" என்ற பதில் வரும்.

1. நோயின் பெயரை எழுத்தில் வாங்குங்கள்

"வயசாச்சு, ஞாபக மறதி" என்பது நோயின் பெயர் இல்லை. அல்சைமரா, ரத்தக்குழாய் அடைப்பால் வந்ததா, மூளையில் ஒரு புரதம் படிவதால் வரும் லூயி பாடி வகையா, மூளையின் முன்பகுதியைப் பிடித்ததா என்று மருத்துவர் எழுதிய கடிதம் வேண்டும். பெட்டாலிங் ஜெயா எல்லையில் உள்ள மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் நினைவாற்றல் கிளினிக் இருக்கிறது. மற்ற இடங்களில் முதியோர் மருத்துவம், மனநலம், நரம்பியல் பிரிவுகள் பார்க்கும். அரசாங்க கிளினிக்கிலிருந்து ஒரு பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு போவதுதான் சுலபமான வழி.

எதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று கேட்பார்கள். லூயி பாடி வகை உள்ளவருக்கு ஹாலோபெரிடால் போன்ற அமைதிப்படுத்தும் மருந்து கொடுத்தால் உடல் விறைத்து, விழுங்க முடியாமல் போய், உயிருக்கே ஆபத்தாகலாம். இரவில் கத்துகிறார் என்று யாரோ அவசரத்தில் அதைப் போட்டுவிடாமல் தடுக்க அந்த ஒரு வரிக் கடிதம் போதும். தைராய்டு, பி12 குறைவு, மனச்சோர்வு இவையும் மறதி போலவே தோன்றும் என்பதால், அவற்றைப் பரிசோதித்தாயிற்றா என்றும் கேட்டுவிடுங்கள்.

2. வீட்டில் ஒரே ஒரு வாய் பேசட்டும்

மூத்த அண்ணன் பணம் கட்டுவார், தங்கை வாரம் தவறாமல் போவாள், ஜொகூரில் இருக்கும் சின்னவர் போனில் சத்தம் போடுவார். மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னால் இல்லம் யார் சொல்வதையும் கேட்காது, கேட்கவும் முடியாது. அடிக்கடி நேரில் போகிறவர் பேசட்டும். பணம் கட்டுகிறவர் பின்னால் நிற்கட்டும். இதை ஒரு தாளில் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டு, இல்லத்துக்கும் ஒரு நகல் கொடுங்கள்.

இதே இடத்தில் இன்னொரு தவறும் நடக்கிறது. "பவர் ஆஃப் அட்டர்னி எடுத்து வெச்சிருக்கோம், பிரச்சினை இல்ல" என்பார்கள். மலேசியாவில் 1949-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அதைக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் சாதாரண பவர் ஆஃப் அட்டர்னி அத்தோடு செல்லாமல் போகிறது. நமக்கு அது வேண்டியிருப்பதே அப்போதுதான்! அதற்கப்புறம் சொத்து விவகாரங்களைப் பார்க்க 2001 மனநலச் சட்டத்தின் கீழ் உயர் நீதிமன்றம் போக வேண்டியிருக்கும். அதனால் அவர் ஓரளவு தெளிவாக இருக்கும்போதே வங்கிக் கணக்கு, உயில் விஷயங்களை வழக்கறிஞரிடம் பேசி முடித்துவிடுங்கள். கட்டணம் எந்தக் கணக்கிலிருந்து போகும் என்ற சண்டை நடுவில் கிளம்பினால் பராமரிப்புப் பேச்சு அப்படியே நின்றுவிடும்.

3. இல்லம் யாருடைய கட்டுப்பாட்டில் இருக்கிறது?

வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழைப் பாருங்கள். 1993 பராமரிப்பு மையச் சட்டத்தின் கீழ் சமூக நல இலாகாவில் பதிவு செய்தவை ஒரு வகை. 1998 தனியார் சுகாதாரச் சட்டத்தின் கீழ் சுகாதார அமைச்சு உரிமம் கொடுத்த நர்சிங் ஹோம்கள் இன்னொரு வகை. பெயர்ப் பலகையில் 'நர்சிங்' என்று இருப்பதை மட்டும் நம்பாதீர்கள், சான்றிதழ் என்ன சொல்கிறது என்பதே கணக்கு. எதுவுமே மாட்டவில்லையென்றால் கேளுங்கள். மழுப்பினால் வேறு இடம் தேடத் தொடங்குங்கள்.

4. ஒரே பக்கத்தில் அவருடைய வாழ்க்கை

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

என் அப்பா சிலாங்கூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பத்தைந்து வருஷம் பால்மரம் வெட்டியவர். இல்லத்தில் தினமும் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து கதவைத் தட்டுவார், கட்டிலுக்கு அடியில் எதையோ தேடுவார். 'இரவில் தொந்தரவு' என்று எழுதி, அவர்களின் மருத்துவரிடம் தூக்க மருந்து வாங்கிப் போட்டார்கள். பகலெல்லாம் தள்ளாடி, ஒரு நாள் குளியலறையில் விழுந்து நெற்றியில் ஆறு தையல். அவர் தேடியது பால் கத்தியையும் வாளியையும். பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, நேரமாகிவிட்டது அவருக்கு. அந்த இல்லத்தில் யாருக்கும் பெரட்டு என்றால் என்ன என்று தெரியாது. தெரிந்த நான் சொல்லவில்லை, ஏனென்றால் யாரும் கேட்கவில்லை.

பக்கத்தில் என்ன எழுத வேண்டும்? முதலில், எந்தப் பெயர் சொன்னால் திரும்பிப் பார்ப்பார் என்பது. அடையாளக் கார்டில் உள்ள பெயரை வீட்டில் யாருமே கூப்பிட்டிருக்க மாட்டார்கள், இல்லத்தில் மட்டும் அதைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு 'பதில் தருவதில்லை' என்று எழுதுவார்கள். அப்புறம் அவருடைய வேலை, எழும் நேரம், தூங்கும் நேரம். மாட்டிறைச்சி கிடையாது, செவ்வாய் வெள்ளி சைவம் என்பது. கையால்தான் சாப்பிடுவார் என்பது. கரண்டியைத் தட்டிவிடுகிறவர்களில் பலர் சோற்றைப் பிசைந்து உருண்டையாகக் கையில் கொடுத்தால் தானே சாப்பிடுவார்கள். குளியலைப் பற்றி எழுத மறக்கவே கூடாது. காலம் முழுக்கக் குவளையில் மொண்டு ஊற்றிக் குளித்தவருக்குத் தலைக்கு மேலிருந்து ஷவர் கொட்டினால் அது பயம்தான், முதலில் காலில் ஊற்றி மெதுவாக மேலே வரச் சொல்லுங்கள். அம்மா என்றால் ஆண் பராமரிப்பாளர் முன்னால் துணி மாற்ற மாட்டார் என்பதையும் கூச்சப்படாமல் எழுதுங்கள். கண்ணாடி, காது மெஷின், பல் செட் எது இருந்தாலும் குறிப்பிடுங்கள். பதற்றமானால் எது அடக்கும்: மின்னல் எஃப்.எம். போட்டால் போதுமா, திருநீறு பூசினால் அமைதியாவாரா, கையில் துணி கொடுத்தால் மடித்துக்கொண்டிருப்பாரா?

மொழிக்கு ஒரு தனிக் கட்டம் போடுங்கள். மறதி நோயில் பிற்பாடு கற்ற மொழிகள் முன்னே போய், பிறந்த மொழி மிஞ்சுவது பல பேருக்கு நடக்கிறது. பினாங்கில் ஓர் அத்தை, சௌராஸ்தா மார்க்கெட்டில் ஹொக்கியன் சீனத்தில் பேரம் பேசியவர், கடைசியில் தமிழைத் தவிர ஒன்றும் வரவில்லை. "வெளிக்குப் போகணும், வெளிக்குப் போகணும்" என்று கதவைப் பிடித்து இழுப்பார். அரைகுறையாகத் தமிழ் தெரிந்த ஒரு பையன் அதை 'வெளியே போக ஆசைப்படுகிறார்' என்று மொழிபெயர்த்துச் சொல்ல, கதவுக்கு இன்னொரு பூட்டு போட்டார்கள். 'அலைகிறார்' என்று பதிவேட்டில் ஏறியது. பாவம், அவர் கேட்டது கழிவறையை. அதனால் பசி, தாகம், வலி, குளிர், வெளிக்கு, ஒண்ணுக்கு என்று அவர் உண்மையில் பயன்படுத்தும் பத்துப் பதினைந்து சொற்களை ரூமி (ஆங்கில) எழுத்தில் எழுதி, பக்கத்தில் மலாய் அர்த்தம் போடுங்கள். உங்கள் வீட்டில் வேறு சொல் புழங்கினால் அந்தச் சொல்தான் வேண்டும், அகராதிச் சொல் உதவாது.

முழுப் பக்கமும் மலாயில் இருக்கட்டும், இந்தோனேசியப் பணியாளர்களுக்கும் புரியும். பெரிய எழுத்து, மேல் மூலையில் அவர் வேலை செய்த வயதில் எடுத்த படம், லேமினேட் செய்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். வருகிறவர் போகிறவர் எல்லாம் படிக்கிற மாதிரி சுவரில் ஒட்டாதீர்கள், அவருக்கும் மானம் இருக்கிறது. இரண்டு பக்கம் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். நான் முதலில் நாலு பக்கம் எழுதினேன், அது மிசியின் மேசை டிராயரில் பத்திரமாக இருந்தது.

5. இரண்டு வாரம் வாயைத் திறக்காமல் கவனியுங்கள்

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மட்டும் போனால் குளித்து, பவுடர் போட்டு, வாசலில் உட்காரவைத்த அப்பாவைத்தான் பார்ப்பீர்கள். ஒரு நாள் காலைச் சாப்பாட்டுக்கு, ஒரு நாள் சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை போங்கள். பலருக்குக் குழப்பம் கூடுவது அந்த மாலை வேளையில்தான்.

நோட்டில் நாலு கட்டம்: நேரம், அதற்கு முன் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், அதற்கு இவர்கள் என்ன செய்தார்கள். 'கோபப்பட்டார்' என்று எழுதினால் பயனில்லை. 'இடது கையைத் தூக்கியபோது மிசியைத் தள்ளினார்' என்று எழுதுங்கள். ஒரு குடும்பத்தில் அம்மா சட்டை மாற்றும்போதெல்லாம் அடிக்கிறார் என்று புகார். இரண்டு வாரக் குறிப்பைப் பார்த்தால் எல்லா அடியும் இடது பக்கம் தொட்டபோது. தோள்மூட்டு இறுகிப்போய் வலி, சொல்லத் தெரியவில்லை. மருத்துவர் வலி மருந்து கொடுத்தார், சட்டையை வலது கையிலிருந்து முதலில் கழற்றி, போடும்போது இடது கையில் முதலில் போட்டார்கள், அடி நின்றது. வலியைச் சொல்ல முடியாதவரிடம் முகச் சுளிப்பு, முனகல், மூச்சு, உடல் விறைப்பு, ஆறுதல் சொன்னால் அடங்குகிறாரா என்று இந்த ஐந்தையும் பாருங்கள்.

இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாத நிலைமை ஒன்று உண்டு. நேற்று வரை பேசியவர் இன்று திடீரென்று தூங்கி வழிகிறார், இல்லாததைப் பார்க்கிறார், ஆளே மாறிவிட்டார் என்றால் அது பெரும்பாலும் மறதி நோய் முற்றியது இல்லை. சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, மலச்சிக்கல், புது மருந்து என்று ஏதோ ஒரு காரணம் இருக்கும். அன்றைக்கே ஆஸ்பத்திரி. "டிமென்ஷியா அப்படித்தான்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

6. கோரிக்கையைச் செய்யக்கூடிய வேலையாக மாற்றுங்கள்

'அன்பாக நடத்துங்கள்', 'தனிக் கவனம் வேண்டும்' இவையெல்லாம் யாருடைய வேலைப் பட்டியலிலும் ஏறாது. நேரம், செயல், காரணம், எத்தனை நாள் சோதனை என்று இந்த நாலும் இருந்தால் ஏறும். நான் அப்பாவுக்கு எழுதிக் கொடுத்தது ஏறக்குறைய இப்படி:

"காலை 4 மணிக்கு எழுந்தால் திரும்பப் படுக்க வைக்க வேண்டாம். விளக்கைப் போட்டு, கழிவறைக்குக் கூட்டிப்போய், ஒரு கப் கோப்பி ஓவும் (பால் சேர்க்காத கோப்பி) இரண்டு பிஸ்கட்டும் கொடுத்து முன்வராந்தாவில் உட்கார வைக்கவும். சின்ன வாளி ஒன்று தருகிறோம், அது அவர் பக்கத்தில் இருக்கட்டும். காரணம்: ரப்பர் தோட்டத்தில் அந்த நேரத்தில் வேலைக்குப் போனவர். 14 நாள் செய்து பார்ப்போம்."

சோதனை என்று சொன்னதால்தான் ஒத்துக்கொண்டார்கள். நிரந்தரம் என்றால் யாரும் தயங்குவார்கள். கோப்பியையும் பிஸ்கட்டையும் நாங்களே வாங்கிக் கொடுத்தோம். இரவு ஷிஃப்டில் இரண்டே பேர் இருக்கும் இடத்தில் அவர்களுக்கும் இது வேலையைக் குறைத்தது, ஒருவர் பின்னாலேயே ஓட வேண்டியதில்லை பாருங்கள். உங்கள் கோரிக்கையும் அவர்கள் வேலையை எங்கே குறைக்கும் என்று யோசித்து அதையும் ஒரு வரி சேருங்கள்.

ஒரு நேரத்தில் மூன்று கோரிக்கைக்கு மேல் வேண்டாம். பன்னிரண்டு எழுதிக்கொண்டு போன ஒரு நண்பருக்குப் பன்னிரண்டில் ஒன்றுகூட நடக்கவில்லை.

7. நேரம் கேட்டு உட்கார்ந்து பேசுங்கள்

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொல்வதை வைத்து எதுவும் நடக்காது. தலைமை மிசியிடமோ மேலாளரிடமோ அரை மணி நேரம் கேளுங்கள். ஷிஃப்ட் மாறும் நேரம், சாப்பாட்டு நேரம் வேண்டாம். தினமும் அவரைக் குளிப்பாட்டும் பராமரிப்பாளர் ஐந்து நிமிஷமாவது கூட இருக்கட்டும் என்று கேளுங்கள். மேலாளருக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும்.

முதலில் நடந்த நல்லதைச் சொல்லுங்கள், பெயர் சொல்லிச் சொல்லுங்கள். இது முகத்துதி இல்லை. வீட்டை விட்டு வந்து, குறைந்த சம்பளத்தில், நம் அப்பாவின் மலத்தைக் கழுவுகிற பிள்ளைகள் அவர்கள். அப்புறம் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து தேதியோடு பேசுங்கள். மறதி நோய்க்கென்று பணியாளர்களுக்கு என்ன பயிற்சி கொடுத்தீர்கள், இரவில் எத்தனை பேர், இங்கே இருப்பவர் யாராவது அடித்தால் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்தான் இல்லத்தின் உண்மையான தரம். 'காரணம் பார்ப்போம்' என்றால் நம்பிக்கை வைக்கலாம், 'டாக்டரிடம் மருந்து கேட்போம்' என்றால் உங்கள் வேலை கூடுகிறது. பயிற்சியே இல்லை என்றால் பெட்டாலிங் ஜெயாவில் உள்ள அல்சைமர் நோய் அறக்கட்டளையைத் தொடர்புகொள்ளச் சொல்லுங்கள், குடும்பங்களும் அங்கே ஆலோசனை கேட்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் பேசி முடித்ததை வாட்ஸ்அப்பில் மேலாளருக்கு எழுதி அனுப்புங்கள்: இன்ன தேதி, இன்னது ஒத்துக்கொண்டோம், இன்ன தேதியில் மறுபடி பார்ப்போம். அந்த ஒரு செய்தி இல்லாவிட்டால் அடுத்த மாதம் மேலாளர் மாறும்போது எல்லாம் காற்றில் போய்விடும்.

8. விட்டுக்கொடுக்கக் கூடாத இரண்டு

ஒன்று, அமைதிப்படுத்தும் மருந்து. ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், கியூட்டியாபின், ஒலான்ஸபின் என்ற பெயர்களைப் பட்டியலில் பார்த்தால் எதற்கு, எந்தத் தேதியிலிருந்து, எப்போது குறைக்கப் பார்ப்பீர்கள் என்று மூன்றையும் கேளுங்கள். மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு இந்த வகை மருந்துகள் மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு புது வகை மருந்துகளுக்கு 2005-லேயே, ஹாலோபெரிடால் போன்ற பழைய வகைக்கு 2008-இல் எச்சரிக்கை போட வைத்தது. 2018-இல் வந்த பிரிட்டன் வழிகாட்டி ஆறு வாரத்துக்கு ஒருமுறையாவது மறுபரிசீலனை வேண்டும் என்கிறது. சில நேரம் உண்மையாகவே தேவைப்படும், அதனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடம் பேசுங்கள்.

இரண்டு, கட்டிப்போடுவது. நாற்காலியில் துணியால் கட்டுவது, கைக்குப் பை மாட்டுவது, கட்டிலின் இரண்டு பக்கமும் கம்பி. 'விழாமல் இருக்கத்தான்' என்பார்கள். கம்பியைத் தாண்டி ஏறப் பார்த்து விழுகிறவர் இன்னும் உயரத்திலிருந்து விழுகிறார். தாழ்வான கட்டில், தரையில் மெத்தை, குறித்த நேரத்துக்குக் கழிவறை என்று மாற்று வழியைக் கையோடு சொல்லுங்கள். கட்டியே ஆக வேண்டும் என்றால் யார் அனுமதித்தது, எத்தனை நிமிஷம், எப்போது அவிழ்ப்பது என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் எழுதச் சொன்னதுமே அவிழ்த்துவிடுவார்கள்.

9. ஒத்துக்கொண்டது நடக்கிறதா?

மாதம் ஒருமுறை எடை. ஒரு மாதத்தில் நூற்றுக்கு ஐந்து குறைந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்: 50 கிலோ இருந்தவருக்கு அது இரண்டரைக் கிலோ. கன்னத்தில் சோறு ஒதுக்கி வைக்கிறாரா, தண்ணீர் குடித்தால் இருமுகிறாரா என்று சாப்பாட்டு வேளையில் பாருங்கள். நிமிர்ந்து உட்காரவைத்து ஊட்ட வேண்டும், சாப்பிட்ட பிறகு அரை மணி நேரமாவது படுக்க வைக்கக் கூடாது. பின்பக்கத்திலும் குதிகாலிலும் சிவப்பு இருக்கிறதா பாருங்கள், படுக்கைப் புண் அப்படித்தான் தொடங்கும். சோதனை நாள் முடிந்ததும் வேலை செய்ததை வைத்துக்கொண்டு, செய்யாததை மாற்றி எழுதுங்கள்.

10. ஒத்து வராவிட்டால்

முதலில் மேலாளருக்கு எழுத்தில், பிறகு உரிமையாளருக்கு எழுத்தில், பதில் தர ஒரு வாரம். அதற்கும் அசையவில்லை என்றால் சமூக நல இலாகாவில் பதிவான இல்லத்துக்கு மாவட்ட சமூக நல அலுவலகம், அமைச்சின் உரிமம் பெற்றதென்றால் மாநில சுகாதார இலாகா. தேதியும் படமும் நகலும் உள்ள புகார் நகரும், வெறும் கோபம் நகராது. இங்கேதான் இத்தனை நாள் எழுதிய நோட்டு பயன்படும்.

அடி, சூடு, பட்டினி, பயமுறுத்தல் என்றால் இந்தப் படிகள் ஒன்றும் வேண்டாம். காயத்தைப் படம் எடுங்கள், ஆஸ்பத்திரியில் காட்டி அறிக்கை வாங்குங்கள், போலீஸ் புகார் செய்யுங்கள், அரசாங்க உதவி எண்ணான தாலியான் காசே (Talian Kasih) 15999-க்குக் கூப்பிடுங்கள். அன்றைக்கே ஆளை வெளியே எடுங்கள், முன்பணம் போனால் போகட்டும்.

துன்புறுத்தல் இல்லை, வெறும் அலட்சியம்தான் என்றால் உடனே இடம் மாற்ற அவசரப்படாதீர்கள். புது இடம் அவரை இன்னும் குழப்பும், பல பேர் சாப்பாட்டையே சில நாள் நிறுத்திவிடுவார்கள். மாற்றியே ஆக வேண்டும் என்று முடிவானால் காலை வேளையில் மாற்றுங்கள், பழைய தலையணையையும் போர்வையையும் துவைக்காமல் கொண்டுபோங்கள், முதல் மூன்று நாள் குடும்பத்தில் யாராவது சாப்பாட்டு நேரத்தில் கூட இருங்கள். அலமாரிக் கதவில் ஒட்டிய அந்தப் பக்கத்தை மறக்காமல் உரித்து எடுத்து, புது இல்லத்து இரவு ஷிஃப்டுக்காரர் கையில் நீங்களே நேரில் கொடுங்கள்.